பக்கத்தில் நின்ற பெண்

பாம்பன் தீவிலிருந்து வந்த கடிதம் இது. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம்.

"அக்கா, 1990ல் அப்பாவும் அம்மாவும் இலங்கையின் பேசாலையில் இருந்து படகு ஏறி வந்தபோது நான் அம்மா வயிற்றில். மண்டபம் அகதி முகாமில் பிறந்து அங்கேயே வளர்ந்தேன். 2011ல் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தேன். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழில் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். மாமிக்குச் சர்க்கரை, முட்டுவலி. பாசி எடுத்தும் கருவாடு போட்டும் குடும்பத்தை ஓட்டுகிறேன். மாமிக்கு மருந்து, சாப்பாடு எதிலும் ஒரு நாள் குறை வைத்ததில்லை. அம்மா முகாமுக்கே திரும்பி வந்துவிடு என்கிறார்.

போன மாதம் மகளிர் குழுவில் கணக்குப் பார்க்க என் பேரைச் சொன்னார்கள். உடனே ஒரு அக்கா எழுந்து, 'முகாம்காரி நாளைக்கே படகு ஏறிட்டா பணத்துக்கு யார் பொறுப்பு?' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமியும் அங்கேதான் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில் 'ரூத்து மாதிரி இருங்கள்' என்றார். நான் இன்னும் எவ்வளவுதான் செய்ய வேண்டும்? எனக்குச் சலித்துவிட்டது என்றால் அது பாவமா?
இப்படிக்கு, முகாம்காரி."

அன்புள்ள தங்கச்சிக்கு,

வயதில் இளையவள் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். சலிப்பு பாவமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பாய்.

உன் கடிதத்தில் எனக்கு வலித்த இடம் அந்த அக்கா பேசியது இல்லை. 'மாமியும் அங்கேதான் இருந்தார்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி. நீயும் அதைத்தான் எழுத வந்தாய் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தவை.

ரூத் கதையைச் சாமியார் சொன்னார் என்றால் நல்லதுதான். ஆனால் அந்தக் கதையை எடுத்து மருமகள்கள் தலையில் அடிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. பொறுமையாய் இரு, மாமியாரை விடாதே, ஒருநாள் ஊர் மெச்சும் என்பார்கள். வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாடு படித்துவிட்டுக் குடும்ப ஆலோசனைக்கு வந்தவள் நான். நான்கே அதிகாரமுள்ள அந்தப் புத்தகத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. உன் கடிதம் வந்த அன்று இராத்திரி மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். (என்னுடையது பழைய பதிப்பு. உன் பைபிளில் ரூத்து, போவாசு என்று இருக்கும். ஆட்கள் அவர்களேதான்.)

முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பார். பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போன நகோமி, பத்து வருஷம் போல அங்கே இருந்து, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் புதைத்துவிட்டுப் பெத்லெகேமுக்குத் திரும்பி வருகிறாள். ஊரே கூடிவிடுகிறது. பெண்கள் 'இவள் நகோமியோ?' என்று கேட்கிறார்கள். பக்கத்தில் ஒரு இளம்பெண் நிற்கிறாளே, அவள் யார் என்று யாருமே கேட்கவில்லை. சரி, ஊரார் கேட்கவில்லை. நகோமியாவது சொன்னாளா? 'நிறைவுள்ளவளாய்ப் போனேன், வெறுமையாய்த் திரும்பி வந்தேன்' என்று அழுகிறாள். 'நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்' என்று சொல்லி, தாய் தகப்பனை விட்டு, அத்தனை தூரம் நடந்து வந்த மோவாபிய மருமகள் ரூத் கை எட்டும் தூரத்தில் நிற்கிறாள். நகோமியின் கணக்கில் அவள் வெறுமையில் சேர்த்தி.

உன் மாமியின் மௌனம் புதிதில்லை, தங்கச்சி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவரை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. அது உன் குறையால் வந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

அடுத்து வயல். வாற்கோதுமை அறுப்பு நடக்கிறது. சிந்தின கதிரைப் பொறுக்க ரூத் போகிறாள். கரைவலை இழுத்து ஏற்றும்போது மணலில் தெறித்து விழுகிற பொடிமீனைக் கிழவிகளும் பிள்ளைகளும் பொறுக்கிப் போவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் அங்கே அது இரக்கத்தால் கிடைத்த சலுகை மட்டும் இல்லை. வயல் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று லேவியராகமம் 19லும் 23லும் சட்டமாகவே இருக்கிறது. மறந்துவிட்ட கட்டைக்கூடத் திரும்பிப் போய் எடுக்கக் கூடாது என்கிறது உபாகமம் 24. ரூத்தின் உழைப்புக்கு முன்னால் ஊர் ஒரு ஓரத்தை விட்டுவைத்திருந்தது. இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை.

அங்கே வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் வந்து, 'இந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை?' என்கிறான். கண்காணி என்ன சொன்னான்? நகோமியோடு மோவாபிலிருந்து வந்த மோவாபியப் பெண் என்றான். ஒரே வாக்கியத்தில் மோவாப் இரண்டு தடவை வருகிறது, அவள் பேர் ஒரு தடவைகூட இல்லை. உன் குழுவில் 'முகாம்காரி' என்று சொன்ன அதே வாய்தான்.

அந்தப் பேருக்குப் பின்னால் இருந்த பாரம் சின்னதில்லை. மோவாபியர் பத்தாம் தலைமுறை வரைக்கும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்கிறது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் வந்த வழியில் அப்பமும் தண்ணீரும் கொண்டு வராததும், அவர்களைச் சபிக்கச் சொல்லிப் பிலேயாம் என்கிற குறிசொல்கிறவனுக்குக் கூலி பேசியதும் காரணம். ஆனாலும் அந்த இரு ஜனங்களும் தூரத்து அந்நியர் இல்லை. பெத்லெகேம் மேட்டில் நின்றால் சவக்கடலுக்கு அந்தப் பக்கம் மோவாப் மலை தெரியும். மோவாப் ராஜா மேசா வெட்டிவைத்த கல் ஒன்று 1868ல் கண்டெடுக்கப்பட்டது. எபிரெயம் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் புரிகிற அளவுக்கு அந்தப் பாஷை நெருக்கம். பேசாலைப் பேச்சும் பாம்பன் பேச்சும் போல என்று வைத்துக்கொள்.

நடுவில் தண்ணீர்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1964 புயலுக்கு முன்னால் கப்பல் ஏறிப் போய் வந்த பாட்டிமார் கதை உன் ஊரிலும் இருக்கும். நீ பிறந்த மண்டபம் முகாமின் கதை இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற நம்மூர்க் கூலிகளைத் தங்கவைத்து, நோய் நொடி பார்த்து அனுப்பிய இடம் அது. முதல் முகாம்காரர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். நகோமி குடும்பமும் அப்படித்தான். சொந்த ஊரில் சோறில்லாமல் மோவாபுக்குப் போய், அங்கே பத்து வருஷம் வந்தவர்களாய் இருந்தார்கள். பெத்லெகேம் பெண்களுக்கு இது ஞாபகம் இருந்திருந்தால் பக்கத்தில் நின்ற பெண்ணை முதல் நாளே திண்ணையில் உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

நானும் வந்தவள்தான், ஒரு சின்ன அளவில். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் பிறந்து இராமநாதபுரத்தில் வாழ்க்கைப்பட்டேன். இன்றைக்கும் வீட்டுக்காரர் சொந்தத்தில் நான் 'நாசரேத்துக்காரி'. கல்யாணமான புதிதில் ஒரு பெரியவர், 'நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா?' என்று யோவான் சுவிசேஷத்தை எடுத்துவிட்டார். நான் சிரித்தேன், இராத்திரி அழுதேன். பிறகு பிறகு அதே பேரை என் நாத்தனார் பிள்ளைகள் ஆசையாய்க் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாமே இழிவு இல்லை. எந்த வாய், என்ன தொனி என்று பார்க்க வேண்டும். உன் குழுவில் சொன்னது இழிவுதான், அதில் சந்தேகமில்லை. பணத்தோடு சேர்த்துச் சொன்னார்கள் பார், அங்கேதான் விஷம்.

என்னை ஒன்று உறுத்தியது. ரூத்தின் நல்ல பேர் எங்கே, யாரால் மாறியது?

அவள் உழைத்தாள், உண்மைதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை பொறுக்கித் தட்டி அளந்தால் ஏறக்குறைய ஒரு மரக்கால் என்கிறது பழைய பதிப்பு. எபிரெயத்தில் அது ஒரு எப்பா. இன்றைய கணக்கில் இருபது லிட்டருக்கு மேல். பொறுக்கியே அவ்வளவு என்றால் இடுப்பு ஒடிந்திருக்கும். போவாஸ் மத்தியானம் கொடுத்த வறுத்த தானியத்தில் மிச்சம் வைத்து மாமியாருக்கு எடுத்துப் போனாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி பறிக்கிற நீ அந்த மிச்சம் வைப்பதை அறிவாய். ஆனால் உழைப்பு மட்டுமே பேர் வாங்கித் தருவதானால், வருகிற வழியிலேயே அவளுக்குப் பேர் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. ஒருவர் பார்த்து, அதைச் சத்தமாய்ச் சொன்னபோதுதான் மாறியது. 'நீ உன் மாமியாருக்காகச் செய்ததும்... எல்லாம் எனக்கு விவரமாய்த் தெரிவிக்கப்பட்டது' என்றான் போவாஸ். தெரிவித்தது யார் என்று புத்தகம் சொல்லவில்லை. யாரோ ஒருத்தி கிணற்றடியில் நல்லதாய் நாலு வார்த்தை பேசியிருக்கிறாள். பேர் தெரியாத அந்த வாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்குச் சற்று முன்னால் ரூத், 'நான் அந்நியதேசத்தாள், என்னை ஏன் விசாரிக்கிறீர்?' என்று கேட்டிருந்தாள். எபிரெயத்தில் 'அந்நியள்' என்கிற சொல்லும் 'அடையாளம் கண்டுகொள்' என்கிற சொல்லும் ஒரே எழுத்துகளில் பிறந்தவை போல ஒலிக்கும். அந்த வசனத்தில் இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன.

போவாசுக்கு ஏன் கண் தெரிந்தது? மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றில் ஒரு வரி இருக்கிறது, அவன் தாய் ராகாப். எரிகோப் பட்டணத்து ராகாப், வேறு ஜனத்திலிருந்து இஸ்ரவேலுக்குள் வந்து சேர்ந்தவள். வந்தவள் வயிற்றில் பிறந்தவனுக்கு வந்தவள் தெரிந்தாள். உன் ஊரிலும் ஒரு குடும்பத்தை எடுத்துப் பார். பாட்டி மன்னார், அம்மா கீழக்கரைப் பக்கம், மருமகள் தூத்துக்குடி என்று யாராவது இருப்பார்கள். கடற்கரையில் தனி ஊர் இரத்தம் என்று எதுவும் கிடையாது. உன் பக்கம் பேசப்போகிற ஆள் அநேகமாய் அந்த வீட்டில்தான் இருப்பார்.

'குணசாலி' என்று போவாஸ் அவளைச் சொன்ன சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். 'நீ குணசாலி என்பதை என் ஜனமாகிய ஊராரெல்லாரும் அறிவார்கள்.' தமிழில் அது அடக்கமான பெண் என்பது போலக் கேட்கிறது. மூலத்தில் 'ஹயில்'. பலம், திறமை, படைவீரம் எல்லாவற்றுக்கும் வருகிற சொல். நீதிமொழிகள் 31ல் குணசாலியான ஸ்திரீ என்று வருகிற அதே சொல். போவாஸை அறிமுகப்படுத்தும்போதும் அதே சொல்தான். அவனுக்கு வந்தால் ஆஸ்தி, அவளுக்கு வந்தால் குணம். மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்கு இருக்கிற சின்னச் சண்டை இது.

அவள் வாய் மூடி இருந்து அந்தப் பேரை வாங்கவில்லை. களத்துக்கு அனுப்பும்போது நகோமி, 'நீ செய்ய வேண்டியதை அவர் சொல்வார்' என்றாள். ரூத் போய் என்ன செய்தாள்? என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு இவள் சொன்னாள். உம்முடைய போர்வையை என்மேல் விரியும், நீர் சுதந்தரவாளி என்றாள். என்னைக் கல்யாணம் பண்ணும், குடும்பத்தை மீட்கக் கடமையுள்ள சொந்தக்காரர் நீர் என்று அர்த்தம். விசுவாசமும் கேட்கிற தைரியமும் ஒரே ஆளிடம் இருந்தன. உனக்கு இரண்டாவதைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணியிருக்க மாட்டார்கள்.

இனி எனக்குப் பிடிக்காத ஒரு உண்மை. விசுவாசத்துக்கு நல்ல பேர் கட்டாயம் கிடைக்கும் என்று வேதமே சொல்லவில்லை. தாவீது ராஜாவின் படையில் இருந்த ஏத்தியனாகிய உரியாவை எடுத்துக்கொள், அவனும் வேறு ஜனத்தான். யுத்தகளத்தில் எல்லாரும் கூடாரத்தில் கிடக்க நான் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பேனோ என்றவன். அவனைக் கொல்லச் சொன்ன கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான் தாவீது. பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தான். செத்த பிறகும் அவன் ஏத்தியன்தான். அந்தத் தாவீது யார்? ரூத்தின் பேரன் ஈசாயின் மகன். வந்தவளால் தழைத்த வம்சமே வந்தவனைத் தின்றது. ஆகவே, நல்ல பேருக்காக நல்லது செய்யாதே. ஊர் சம்பளம் தருகிற முதலாளி இல்லை, தந்தாலும் நாள் பார்த்துத் தராது. மாமிக்கு மருந்து வாங்குவது மாமிக்குச் சர்க்கரை என்பதால். அவ்வளவில் நின்றால் சலிப்பு பாதி குறையும்.

அம்மா கூப்பிடுவதைப் பற்றிக் கேட்டாய். நகோமியின் இன்னொரு மருமகள் ஓர்பாள் திரும்பித் தாய்வீட்டுக்குப் போனாள். புத்தகம் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. 'மரித்தவர்களுக்கும் எனக்கும் நீங்கள் தயை செய்தது போல' என்று நகோமி ஆசீர்வதித்தது இரண்டு மருமகள்களையும் சேர்த்துத்தான். நீ போனாலும் துரோகி ஆகிவிட மாட்டாய். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பயந்து போகாதே. பிள்ளைகள் படிப்பு, உன் வருமானம், அம்மாவுக்கு அங்கே இருக்கிற இடம், இவற்றைப் பார்த்து முடிவு பண்ணு. முடிவை இந்த மாதமே எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இருப்பதானால் மூன்று காரியம் பார்க்க வேண்டும்.

மாமியிடம் பேசு. குழுவில் வேண்டாம், வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு. பழைய கணக்கெல்லாம் எடுக்காதே. 'மாமி, அன்னைக்கு அவங்க சொன்னப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பார்த்தேன்.' அவ்வளவு போதும். பிறகு நீ சும்மா இரு. அவர் கோபப்படலாம், அழலாம், எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அவசரப்படாதே. முதல் அதிகாரத்தில் ஊரார் முன்னால் ரூத்தைப் பற்றி வாய் திறக்காத நகோமிதான் இரண்டாம் அதிகாரத்தில் 'என் மகளே' என்கிறாள்.

குழுவுக்கு வருவோம். அந்த அக்காவுக்குப் பதில் கண்ணீரில் இல்லை, வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. குழுக் கணக்கில் ஒரே ஆள் கையெழுத்தில் பணம் எடுக்க முடியாது, கூட்டுக் கையெழுத்து வேண்டும். யார் படகு ஏறினாலும், ஏறாவிட்டாலும் அது அப்படித்தான். அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொல். தீர்மான நோட்டில் எழுதச் சொல். கணக்குப் பார்க்கிற வேலையை விட்டுக்கொடுக்காதே. உன் பேரை முன்மொழிந்தது யாரோ ஒருவர் என்றுதானே எழுதியிருக்கிறாய்? எல்லாரும் சிரித்தார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது, அந்த ஒருவர் யார் என்பதை எழுத மறந்துவிட்டாய். அவரைப் போய்ப் பார். கிணற்றடி வாய் அவராக இருக்கலாம்.

மூன்றாவது காகிதம். போவாஸ் கல்யாணம் பேசும் முன் ஊர் வாசலில் பத்து மூப்பரை உட்காரவைத்து நிலத்தைப் பேசி முடித்தான். நெருங்கின சொந்தக்காரன் ஒருவன் இருந்தான். நிலம் என்றதும் சரி என்றவன், மோவாபியப் பெண்ணும் சேர்த்தி என்றதும் என் சொத்து கெட்டுவிடும் என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். சொத்துக்குப் பயந்தவன் பேர் புத்தகத்தில் எங்குமே இல்லை. உன் வீடும் படகும் யார் பேரில் இருக்கின்றன என்று உன் கடிதத்தில் இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். புருஷன் உயில் எழுதாமல் இறந்து பிள்ளைகள் இருந்தால், அவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. மாமி பேரில் இருப்பது மாமியுடையது, அதைத் தொடாதே. வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை என்றால் தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடு. கல்யாணத்தால் மட்டும் குடியுரிமை தானாக வந்துவிடாது, அதில் உன் நிலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள். இராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாய் வக்கீல் தருவார்கள். தயங்காமல் போ. வந்தவளுக்குக் காகிதம் எதற்கு என்பார்கள், வந்தவளுக்குத்தான் முதலில் காகிதம் வேண்டும்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு பத்தி. நீங்கள் அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவராய் இருக்கலாம், சிரிக்காமல் இருந்தவராயும் இருக்கலாம். நாலாம் அதிகாரத்தில் அதே பெத்லெகேம் பெண்கள் நகோமியிடம், ஏழு பிள்ளைகளைவிட இவள் உனக்கு அருமையானவள் என்கிறார்கள். ஆண்பிள்ளைதான் எல்லாம் என்றிருந்த காலத்தில் சொன்ன பேச்சு அது. ஒரு வருஷத்துக்கு முன் பக்கத்தில் நின்றவளைப் பார்க்காதவர்கள் அவர்கள். மனசு மாற அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. ஓரியூரில் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறோமே, அந்த அருளானந்தர் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ. 1693ல் தலை விழுந்த பிறகு அவர் நம்முடையவர் ஆனார். உயிரோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறவளுக்கு நாம் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறோம்?

தங்கச்சி, கடைசியாக ஒன்று கவனித்தேன். நாலாம் அதிகாரத்துப் பேச்சுவார்த்தை வரைக்கும் 'மோவாபிய ஸ்திரீயாகிய ரூத்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. அப்புறம் பதிமூன்றாம் வசனத்தில் 'போவாஸ் ரூத்தை விவாகம்பண்ணினான்'. மோவாப் போய்விட்டது. ஆனால் அதற்கு வெகு முன்னால் இன்னொரு பேர்ச் சண்டை நடந்தது. 'என்னை நகோமி என்று சொல்லாமல், மாரா என்று சொல்லுங்கள்' என்றாள் மாமியார், கசப்பு என்று அர்த்தம். புத்தகம் முடிகிற வரை ஒருவர்கூட அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

உன் கடிதத்தின் அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'முகாம்காரி' என்று நீயே எழுதியிருக்கிறாய். மாமியிடம் பேசிய பிறகு என்ன நடந்தது என்று எழுது. அதில் உன் பேரைப் போடு. அச்சில் போட மாட்டோம், எனக்குத் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
அக்கா